கேளம்பாக்கம் பஸ்ஸுக்கு ஒரு வெப்சைட்

தாம்பரத்தில் எங்கள் கல்லூரியில் பிராக்டிகல் வகுப்பு நாலரை மணிக்கு முடியும். கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போகும் பஸ் தாம்பரத்திலிருந்து நாலு மணிக்கே கிளம்பிவிடும். அதை விட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருத்தி என் தோழி.

அவள் கோவளத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்துப் பெண். கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டில் எங்கள் வகுப்பிலேயே வேகமாக புரோகிராம் எழுதுகிறவள். எங்களுக்கெல்லாம் எர்ரர் வந்தால் திரையைத் திட்டுவோம். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, யாரோ பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்பதுபோல எர்ரரைப் பொறுமையாகப் படிப்பாள். படித்து முடித்தால் எங்கே தப்பு என்று சொல்லிவிடுவாள்.

ஒருநாள் லேபில் அப்படித்தான் எதையோ படித்துக்கொண்டிருந்தவள், அடுத்த செமஸ்டருக்கு வருவது சந்தேகம் என்றாள். ராத்திரி கடலுக்குப் போகிற அண்ணன், இருட்டிய பிறகும் ஸ்டாப்பில் சைக்கிளோடு இவளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறதாம். பிராக்டிகல் இல்லாத படிப்புக்கு மாறிவிடலாமே என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. அழுகையெல்லாம் இல்லை. நாளைக்கு மழை வரும் என்கிற மாதிரி சொல்லிவிட்டு, மறுபடி திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். எனக்குத்தான் அன்றைக்கு வேறு எதுவும் ஓடவில்லை. என் வீடு பக்கத்திலேயே, இரும்புலியூரில். கல்லூரி முடிந்து நடந்துபோய்க் காபி குடித்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் அவள் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பாள். இரண்டு வருடமாக இது எனக்குத் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

முதலில் ஒரு மனு எழுதி, வகுப்பில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, டிப்போவில் கொடுத்தோம். அங்கே வாங்கி ஒரு முத்திரை குத்தினார்கள். அதோடு சரி. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் மூன்றாமவன் உள்ளே வந்தான். அவன் பொழிச்சலூரிலிருந்து வருகிறவன். விமானங்கள் தாழ்வாகப் பறக்கிற ஊர் என்பதால், ஒன்று தலைக்கு மேலே போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவான். பழக்கதோஷத்தில் விமானமே இல்லாத இடத்திலும் நடுவில் நிறுத்துவான். ஆண் பெண் பார்க்காமல் எல்லோரையும் மச்சான் என்பான்.

"நெட்ல போட்டுடலாம் மச்சான்," என்றான். நிறுத்தினான். "பேப்பரைப் பீரோவுல வெச்சுப் பூட்டலாம். வெப்சைட்டைப் பூட்ட முடியாது."

அது எவ்வளவு பெரிய தப்பான நம்பிக்கை என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனால் அந்த நிமிடத்தில் கேட்க நன்றாக இருந்தது.

எங்களில் யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதை நடத்தியவர் அந்த ஊரின் பழைய குடும்பத்துக்காரர். அவர் அப்பா நெல் போட்ட நிலத்தில் இவர் மாடிக் கட்டடம் கட்டி, கீழே டைல்ஸ் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் வாடகைக்கு விட்டுவிட்டு, மேலே கம்ப்யூட்டர் வைத்திருந்தார். அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு மெஷினையும் தினம் துடைத்துத் துணி போட்டு மூடி, பொட்டும் வைத்திருப்பார். விஷயத்தைச் சொன்னோம். மதியம் காலியாக இருக்கும் கடைசி மெஷினைச் சும்மா உபயோகித்துக்கொள்ளச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, பக்கத்தின் அடியில் அவர் கடைப் பெயர் வர வேண்டும். ஒத்துக்கொண்டோம். அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். எழுதுவது நான், படம் செய்வது பொழிச்சலூரான், மற்றதெல்லாம் தோழி. நான் இரண்டு நாள் உட்கார்ந்து, பெண் கல்வி, கிராமப்புறம், போக்குவரத்து, சமூக நீதி எல்லாவற்றையும் தொட்டு ஒரு கட்டுரை எழுதினேன். எனக்கே படிக்கப் படிக்கப் புல்லரித்தது. தோழி முழுக்கப் படித்தாள்.

"நல்லாகீது. ஆனா நமக்கு இன்னா வேணும்னு எங்கடி எழுதியிருக்க?" என்றாள்.

தேடிப் பார்த்தேன். ஏழாவது பத்தியில் இருந்தது. அதை உருவி, "நாலு மணி பஸ்ஸை முக்கால் மணி தள்ளி விடுங்கள்" என்று மேலே பெரிதாகப் போட்டாள். அதற்குக் கீழே கையெழுத்துப் படிவம். என் கட்டுரை அதற்கும் கீழே, உருட்டிக்கொண்டு போனால் கிடைக்கும் இடத்துக்குப் போய்விட்டது. முதல் திரையில் தெரியாதது இல்லாததற்குச் சமம் என்பது எனக்குக் கிடைத்த முதல் பாடம். அது கொஞ்சம் வலித்தது.

இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு தளத்தில் பக்கத்தை ஏற்றினோம். மேலே வெளிநாட்டு விளம்பரம் ஒன்று கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், அதை எடுக்க முடியாது. பரவாயில்லை. அழகான தமிழ் எழுத்தில், அண்ணாவின் கடைசி மெஷினில், பக்கம் ஜோராக இருந்தது. வண்டலூரில் இருந்த இன்னொரு வகுப்புத் தோழிக்குப் போன் செய்து பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, இது என்ன பாஷை என்று கேட்டாள்.

நாங்கள் உபயோகித்த எழுத்துரு அந்த ஒரு மெஷினில் மட்டுமே இருந்தது. மற்ற இடங்களில் தலைக்குமேல் கொம்பும் புள்ளியும் வைத்த ஆங்கில எழுத்துகள்தான் வரிசையாகத் தெரிந்தன. யூனிகோடுக்கு மாற்றினால் எல்லா இடத்திலும் தெரியும் என்று தோழி எங்கோ படித்துவிட்டு வந்து, ஒரு மதியம் முழுக்க மாற்றினாள். புது மெஷின்களில் நன்றாகத் தெரிந்தது. ஆனால் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் போகும் பிரவுசிங் சென்டர்களில் பாதிக்கு மேல் பழைய மெஷின்கள். சிலவற்றில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. சிலவற்றில் எழுத்து வந்தது, ஆனால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிய்ந்து நின்றது. "கோவளம்" என்ற சொல்லை நான் அவ்வளவு பரிதாபமான நிலையில் அதற்கு முன் பார்த்ததில்லை.

எழுத்தையே படமாக்கிவிடலாம் என்றான் பொழிச்சலூரான். படத்துக்கு எழுத்துரு தேவையில்லை, எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். நல்ல யோசனை. அதைச் செய்கிற சாக்கில், பின்னணியில் பஸ், சூரியன் மறையும் கடல், கையை உயர்த்திய கூட்டம் எல்லாம் வைத்து ஒரு பிரம்மாண்டமான போஸ்டர் செய்துவிட்டான். மறுநாள் கல்லூரி விட்டதும் பசங்கள் பத்துப் பேர் அண்ணாவின் கடையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் அதைத் திறந்தார்கள். டயல்-அப் லைன் ஒன்றுதான். கடை முழுக்க எல்லாத் திரையிலும் படம் மேலேயிருந்து ஒரு விரல் அகலம் இறங்கி நின்றுவிட்டது. வானம் மட்டும் தெரிந்தது. ஒருவர் ரயில்வே வேலைக்கு ரிசல்ட் பார்க்க வந்து, பார்க்க முடியாமல் கோபித்துக்கொண்டு போனார்.

அண்ணா எங்களிடம் வந்தார், ஆனால் கத்தவில்லை. "உங்க பஸ் என் கடையிலயே நின்னுடுச்சும்மா," என்றார்.

கடலும் சூரியனும் போயின. கூட்டம் போனது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, அதையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, முதல் துண்டு வந்த உடனே படிக்கிற மாதிரி தோழி அடுக்கினாள். பொழிச்சலூரான் ஒரு நாள் எங்களோடு பேசவில்லை. பிறகு அவனே பெருமையாக, மொத்தப் படமும் ஒரு பாஸ்போர்ட் போட்டோ அளவுக்குக்கூட கனமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பக்கம் ஒருவழியாக எல்லோருக்கும் தெரிய ஆரம்பித்ததும் கையெழுத்துகள் வந்தன. படிவத்தில் பெயர், மின்னஞ்சல், கல்லூரி, ஏறும் ஸ்டாப், இறங்கும் ஸ்டாப், வகுப்பு முடியும் நேரம் என்று தோழி வரிசையாகக் கேட்டிருந்தாள். இத்தனை கேள்வி கேட்டால் பாதியில் ஓடிவிடுவார்கள், பெயர் போதும் என்று நாங்கள் இருவரும் சண்டை போட்டோம். பஸ்ஸுக்குக் கேட்கிறோம், எங்கே ஏறுகிறார்கள் என்று கேட்காமல் எப்படி என்றாள். விடவில்லை.

இரண்டாம் வாரம் எண்ணிக்கை திடீரென்று எகிறியது. காலையில் பார்த்ததைவிட மதியம் இரண்டு மடங்கு. கீழே போய் மூன்று பேரும் பஜ்ஜி சாப்பிட்டுக் கொண்டாடினோம். திரும்பி வந்து பட்டியலைப் படித்தபோதுதான், பெருங்களத்தூரைச் சேர்ந்த ஒரே மாணவனின் பெயர் பக்கம் பக்கமாக இருந்ததைப் பார்த்தோம். அவன் மேல் குற்றமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்கப் பக்கத்தைப் புதுப்பித்திருக்கிறான். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் படிவம் இன்னொரு முறை போயிருக்கிறது. ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு மறுபடி புதுப்பித்திருக்கிறான். அவனைத் தவிர, இறங்கும் ஸ்டாப்பில் "செவ்வாய்க் கிரகம், தாம்பரம் மேற்கு" என்று போட்ட சிலரும் இருந்தார்கள்.

பொழிச்சலூரான் அதை அப்படியே விட்டுவிடலாம் என்றான். பெரிய எண் பார்க்க நன்றாக இருக்கிறது, யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள். எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. தோழி ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனாள். பஜ்ஜி செரிப்பதற்குள் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

"ஒரு பொய்யைக் கண்டுபிடிச்சா மீதி எல்லாத்தையும் பொய்யின்னுதான் சொல்வாங்க," என்றாள், அழித்து முடித்த பிறகு.

இனி இப்படி நடக்கக்கூடாது என்று, ஒரு ஐ.பி. முகவரியிலிருந்து, அதாவது ஒரு இணைய இணைப்பிலிருந்து, ஒரு கையெழுத்துதான் என்று பூட்டுப் போட்டோம். பொழிச்சலூரானின் யோசனை. மறுநாள் கல்லூரி லேபில் ஒரு வகுப்பே கையெழுத்துப் போட உட்கார்ந்தது. முதல் ஆள் போட்டான். மற்ற அத்தனை பேருக்கும், நீங்கள் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டீர்கள், நன்றி என்று வந்தது. கல்லூரி மொத்தமும் ஒரே முகவரி வழியாகத்தான் வெளியே போகிறது என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிரவுசிங் சென்டர்களும் அப்படியே. எங்களுக்குத் தெரிந்த எல்லோரும் அந்த மாதிரி இடங்களிலிருந்துதான் இணையத்துக்கு வருகிறார்கள். பூட்டைக் கழற்றினோம். கையெழுத்துப் போட்டதும் வேறொரு நன்றிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிற மாதிரி தோழி மாற்றினாள். அதற்குப் பிறகு எத்தனை முறை புதுப்பித்தாலும் நன்றிதான் திரும்பத் திரும்ப வரும்.

இதற்குள் எங்கள் பக்கத்தைப் பற்றி நாலைந்து கல்லூரிகளில் பேச்சு வந்துவிட்டது. தைரியம் ஏறியது. டிப்போ அதிகாரியின் மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. நான் ஒரு கடிதம் எழுதி, கையெழுத்திட்ட எல்லோருக்கும் அனுப்பி, ஒரே நாளில் அதை அவருக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். கட்டுரையைக் கீழே தள்ளிய வருத்தமெல்லாம் அந்தக் கடிதத்தில் தீர்ந்தது. அன்று காலை அஞ்சல்கள் பறந்தன. மதியத்துக்குள் திரும்பி வரத் தொடங்கின. அவருடைய பெட்டி நிரம்பிவிட்டது, இனி எதுவும் உள்ளே போகாது. பலர் அந்த அறிவிப்பை, என்ன செய்வது என்ற கேள்வியோடு எனக்குத் தட்டிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் என் பெட்டியும் நிரம்பிவிட்டது.

அடுத்த வாரம் டிப்போவிலிருந்து கல்லூரிக்குப் போன் வந்தது. அந்தப் பிள்ளைகளை வரச் சொல்லுங்கள். எங்கள் துறைத் தலைவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் தடுக்கவில்லை.

டிப்போவில் அந்த அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு கத்தைக் காகிதம். திட்டப்போகிறார் என்று நினைத்து நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உட்காரச் சொன்னார்.

"எல்லாம் ஒரே லெட்டர்," என்றார். "மொதல் லெட்டரைப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கு. மீதியை அழிக்கவே ஒரு காலை போயிடுச்சு. நடுவுல வேற ரூட் பத்தி வந்த முக்கியமான மெயிலையும் சேர்த்து அழிச்சுட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டு, தனக்கு வேண்டியது வேறு என்றார்.

"எந்த ஸ்டாப்ல எத்தனை பேர் ஏறுவாங்க, எங்க இறங்குவாங்க, அதைச் சொல்லுங்க. கோவத்தை வெச்சு பஸ் விட முடியாதும்மா."

தோழி என்னைப் பார்க்கவில்லை. பொழிச்சலூரானையும் பார்க்கவில்லை. எங்களிடம் அது இருக்கிறது சார் என்று மட்டும் சொன்னாள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாங்கள் இருவரும் அவளுக்குப் பின்னாலேயே நடந்தோம். அவள் சொல்லிக்காட்டவில்லை, ஆனால் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

இருக்கிறது என்று சொன்னாளே தவிர, அதை எடுத்து அட்டவணையாக்க உட்கார்ந்தபோது அவளே தலையில் கை வைத்தாள். ஸ்டாப் பெயரை அவரவர் இஷ்டத்துக்கு எழுதும்படி கட்டத்தைக் காலியாக விட்டிருந்தோம். கேளம்பாக்கத்தை ஆங்கிலத்தில் எழுத இத்தனை வழி இருக்கும் என்று யார் கண்டது. கே-யில் தொடங்கியவர்கள், சி-யில் தொடங்கியவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள். புதுப்பாக்கத்தையும் மாம்பாக்கத்தையும் சேர்த்து "பாக்கம்" என்று மட்டும் போட்டவர்கள். ஒருத்தி, "எங்க வீட்டுக்கு முன்னாடி ஸ்டாப்" என்று எழுதியிருந்தாள். கம்ப்யூட்டருக்கு இவையெல்லாம் வேறு வேறு ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கையால் திருத்தினோம். மத்தியானம் அண்ணா வீட்டிலிருந்து தக்காளி சாதம் வந்தது. படிவத்தில் முதலிலேயே ஸ்டாப்புகளை வரிசையாகக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்க விட்டிருந்தால் அந்த ஞாயிறு மிச்சமாகியிருக்கும். அன்று சாயங்காலமே அப்படி மாற்றினோம்.

எல்லாம் முடிந்த பிறகு தோழி அட்டவணையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். பிறகு சொன்னாள்.

"நாலு மணி பஸ்ல எங்கம்மா வர்றாங்கடி."

எனக்குப் புரியவில்லை. அவள் அம்மா காலையில் கோவளத்திலிருந்து மீன் வண்டியில் தாம்பரத்துக்கு வந்து, மார்க்கெட்டுக்கு வெளியே விற்றுவிட்டு, காலி அன்னக்கூடையோடு அந்த நாலு மணி பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவார். தினம் பார்க்கிற அவளுக்கே அது அப்போதுதான் உறைத்தது. அவரோடு இன்னும் பல பெண்கள். நாங்கள் தள்ளச் சொல்வது அவர்கள் பஸ்ஸை. எங்கள் அட்டவணையில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. இந்தப் பஸ்ஸை யார் யார் உபயோகிக்கிறார்கள் என்று ஊரைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, இன்டர்நெட்டை மட்டும் கேட்டிருக்கிறோம். பொழிச்சலூரான் ஏதோ சொல்ல ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, அப்படியே விட்டுவிட்டான்.

மறுநாள் மதியம் அவள் அம்மாவை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிவந்தாள். படிக்கட்டில் கூடையை வைத்துவிட்டு, உள்ளே வரலாமா என்று வாசலில் தயங்கி நின்றார். அண்ணா எழுந்துவந்து உள்ளே வாங்கக்கா என்று ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டார். மகள் கேள்வி கேட்டுக் கேட்டுப் படிவத்தை நிரப்பினாள். பெயர், ஏறும் இடம், இறங்கும் இடம். அனுப்பு என்று அழுத்தினாள். சிவப்பு எழுத்தில், மின்னஞ்சல் முகவரி கட்டாயம் என்று வந்தது.

"இன்னாடி, என்னை ஒத்துக்கலையா?" என்றார் அம்மா.

அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியது அவளேதான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. ஒரு நிமிஷம் இரும்மா என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து நிரலைத் திறந்து அந்த வரியை அழித்தாள். மறுபடி ஏற்றினாள். அம்மா அதுவரை ஃபேன் காற்றில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அடுத்த கேள்வி, வகுப்பு முடியும் நேரம்.

"எனக்கு இன்னா வகுப்பு கீது? மீனு தீந்தா கெளம்புவேன்."

மகள் அதை அப்படியே தட்டினாள். இந்த முறை உள்ளே போனது.

அதன் பிறகு இரண்டு நாள் நாங்கள் மார்க்கெட் வாசலில்தான் இருந்தோம். கம்ப்யூட்டர் இல்லை. நான் கேட்கக் கேட்கப் பொழிச்சலூரான் காகிதத்தில் எழுதினான், பிறகு அதைப் படிவத்தில் ஏற்றினோம். முக்கால் மணி தள்ளினால் சரியா என்று கேட்டால் நிறையப் பேர் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். முதல் ஷிப்ட் முடிந்து ரயிலில் இறங்குகிறவர்கள் கொஞ்சம் வாங்குவார்கள், இப்போது அதற்குள் ஓட வேண்டியிருக்கிறது என்றார்கள். கூடையைப் பார்த்து முகம் சுளிக்கிற கண்டக்டருக்கும் ஒரு வழி செய்யச் சொன்னார்கள். ஒரு பெண் மட்டும் முடியவே முடியாது என்றார். வீட்டில் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறார். அரை மணிகூடத் தாங்காது. அவரைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

படிவத்தில் அவர்களை எங்கே போடுவது? "ஆதரிக்கிறேன்" என்ற ஒரு பொத்தான்தான் இருந்தது. ஆதரிக்காதவர் வருவார் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. விட்டுவிடலாமா என்று யாரும் இந்த முறை கேட்கவில்லை. "எனக்கு ஒத்துவராது" என்று இன்னொரு பொத்தான் வைத்து, பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டமும் வைத்தாள்.

அட்டவணையை அச்சடித்து எடுத்துக்கொண்டு மறுபடி டிப்போவுக்குப் போனோம். அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கிப் படித்தார். நிதானமாக, விரல் வைத்து, ஒவ்வொரு ஸ்டாப்பாக. ஓரிடத்தில் விரல் நின்றது. அவர் தோள் குலுங்கியது.

"வகுப்பு முடியும் நேரம், மீன் தீர்ந்த நேரம்," என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு, "இது யாரு?"

"எங்கம்மா சார்," என்றாள் தோழி.

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு ஒத்துவராது என்று சொன்னவர்களின் பக்கத்துக்கு வந்து, அதை எல்லாவற்றையும்விட அதிக நேரம் படித்தார். வேண்டாமென்று சொன்னவர்களையும் எழுதிக்கொண்டு வந்து தன்னிடம் யாரும் கொடுத்ததில்லை, அதனால்தான் மீதியை நம்புகிறேன் என்றார். அந்தச் சிலருக்கு மூன்றரைக்கு மாம்பாக்கம் வரை போகும் இன்னொரு வண்டியைக் கேளம்பாக்கம் வரை நீட்ட முடியுமா என்று பார்ப்பதாகவும், நாலு மணி வண்டியை ஒரு மாதம் தள்ளி விட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார். கூடைக்குப் பின்படிக்கட்டு ஓரத்தில் இடம் விடச் சொல்கிறேன் என்றார். வாக்குறுதி என்று எதையும் சொல்லவில்லை. பார்க்கிறேன், பார்க்கிறேன் என்றுதான் சொன்னார். ஆனால் செய்தார்.

புது நேரத்துக்கு முதல்முதலாகப் பஸ் கிளம்பிய அன்று நானும் பொழிச்சலூரானும் வேலையில்லாமல் அதில் ஏறிக்கொண்டோம். கோவளம் வரைக்கும் டிக்கெட். எங்கள் கல்லூரிப் பெண்கள் பாதி பஸ்ஸை நிறைத்திருந்தார்கள். மீதி பாதியில் மீன்காரப் பெண்கள். வண்டலூரில் திரும்பியதும் காற்று மாறியது. தோழி பிராக்டிகல் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். அம்மா எங்களைப் பார்த்து, இவ கம்ப்யூட்டர்ல வேலை பாக்கறாளா இல்ல தூங்கறாளா என்று கேட்டார். நாங்கள் மாற்றி மாற்றி அவளைப் பற்றிச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். கண்டக்டர் கூடைகளைத் தாண்டித் தாண்டிப் போய் டிக்கெட் கொடுத்தார். முகத்தைச் சுளித்தார்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் வீட்டில் சோறும் வஞ்சிரக் குழம்பும் போட்டார்கள். முள் தொண்டையில் மாட்டும் என்று பயந்துகொண்டே உட்கார்ந்த பொழிச்சலூரான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். அவள் அண்ணன் அன்றைக்கு ஸ்டாப்புக்கு வர வேண்டியிருக்கவில்லை. வாசலில் வலையைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தவர், எங்களை நிமிர்ந்து பார்த்து, எப்படித் திரும்பிப் போவீர்கள் என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை மாதமும் கோவளம் போகிற பஸ்ஸைப் பற்றியே யோசித்திருந்தோம். திரும்பி வருகிற பஸ் எப்போது என்று மூன்று பேரில் ஒருவர்கூடப் பார்த்திருக்கவில்லை. போகிற வண்டியைத் தள்ளினால் வருகிற வண்டியும் தள்ளிப்போகும்தானே என்றாள் தோழி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. தள்ளிப்போயிருந்தது. நாங்கள் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது போய்விட்டிருந்தது.

அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்துபோய், பக்கத்து வீட்டுக்காரரின் மீன் லோடு ஆட்டோவைக் கூட்டிவந்தார். தாம்பரம் வரைக்கும் நாங்கள் இருவரும் பின்னால் காலி ஐஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து வந்தோம். மாம்பாக்கம் தாண்டும்போது பொழிச்சலூரான், அடுத்தது பொழிச்சலூர் பஸ்ஸுக்கு ஒண்ணு ஆரம்பிக்கலாமா மச்சான் என்று கேட்டான். முதலில் ஸ்டாப் லிஸ்டை எழுது என்றேன்.